ஒரு ஃபவுலும் செய்யாதவர்

"ஏட்டி, ஒனக்கு அஞ்சு வரைக்கும் எண்ணத் தெரியுமா?"

அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. ப்ளஸ் டூ கணக்கில் பள்ளியிலேயே அதிக மதிப்பெண் வாங்கிவிட்டு, அந்தச் சூடு ஆறுவதற்குள் கோடை டோர்னமென்டில் ஸ்கோர் எழுத வந்து உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்துப் படி ஏறியவர்கள் யாரும் கிடையாது. அப்பாவுக்கு மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற வேலை. அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி ஒட்டுகிற வேலை. அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. குறைத்துக்கொள்ளும் உத்தேசம் இல்லை.

பாஸ்கட்பாலில் ஒருவர் ஐந்து ஃபவுல் செய்தால் வெளியே போய்விட வேண்டும். நடுவர் விசில் ஊதி, யார் என்று சொன்னதும், அதை எழுதிவிட்டு அது எத்தனையாவது ஃபவுல் என்று காட்டுகிற அட்டையை நான் தூக்கிக் காட்ட வேண்டும். ஒன்று முதல் நான்கு வரை கறுப்பு எண். ஐந்து மட்டும் சிவப்பு. அன்று நான் சிவப்பைத் தூக்கினேன். பதினொன்றாம் நம்பர் பனியன் போட்ட அந்த நெட்டை மனிதர் மேஜைக்கு வந்து, இரண்டு கைகளையும் ஊன்றிக் குனிந்து, நான் அழகாக எழுதியிருந்த தாளில் வியர்வையைச் சொட்டிக்கொண்டே அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"அஞ்சு வரைக்கும் தெரியும்ணே. அதுக்கு மேல எண்ணுததுக்கு நீங்க எங்க எடம் குடுக்குதிய? அதுக்குள்ளதான் வெளிய போயிருதியளே" என்றேன்.

மைதானச் சுவரில் உட்கார்ந்திருந்த கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "யாரு பெத்த பிள்ளட்டி இது?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டுப் போனார்.

அவரைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட்டால் மிச்சமெல்லாம் விளங்கிவிடும். தன் வாழ்நாளில் அவர் ஒரு ஃபவுல்கூடச் செய்ததில்லை. கேட்டால் அப்படித்தான் சொல்வார். ஆனாலும் நான் பார்த்த ஆட்டங்களில் பெரும்பாலானவற்றில் கடைசி விசில் வரைக்கும் அவர் களத்தில் நின்றதில்லை. இந்த இரண்டு உண்மைகளும் ஒன்றையொன்று சந்திக்காமலே அவருடைய வாழ்க்கை நடந்துகொண்டிருந்தது.

அந்தக் காலத்தில் இன்னொரு விதியும் இருந்தது. ஃபவுல் செய்தவர் ஸ்கோர் மேஜையைப் பார்த்து ஒரு கையை உயர்த்த வேண்டும். 'நான்தான்' என்று ஒப்புக்கொள்வதற்கு அது அடையாளம். மற்ற ஊர்களில் இதைப் பெரிதாகக் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்கள் பக்கத்து நடுவர்களில் பாதிப் பேர் பி.டி. வாத்தியார்கள். கை தூக்காதவனைச் சும்மா விட்டால் அவர்களுக்குச் சாப்பாடு இறங்காது. எச்சரித்தும் தூக்கவில்லை என்றால், அதற்குத் தனியாக இன்னொரு ஃபவுல். இவர் தூக்க மாட்டார். விசில் ஊதியதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தூரத்தில் ஏதோ பஸ் வருகிறதா என்று பார்ப்பவரைப் போல நிற்பார். அவர் தூக்காத குறைக்கு நான் அட்டையைத் தூக்குவேன்.

களத்துக்கு வெளியேயும் அவர் அப்படித்தான். எங்கள் தமிழம்மா எழுவாய், பயனிலை நடத்தியபோது எனக்குத் தோன்றாதது, அவர் பேச்சைக் கேட்டபோது தோன்றியது. பந்தைக் கூடையில் போட்டால் "நான் போட்டேன்" என்பார். தப்பு என்று வந்துவிட்டால் அந்த வாக்கியத்துக்குள் அவர் இருக்க மாட்டார். கிளாஸ் உடைந்திருக்கும். பால் கொட்டியிருக்கும். சைக்கிளில் ஆடு வந்து மோதியிருக்கும். முன்பு வேலை பார்த்த மில்லில் சூப்பர்வைசரின் மேஜை உடைந்த விவகாரத்தில், "எப்படிய்யா ஒடஞ்சுது?" என்று கேட்டார்களாம். "மேல உக்காந்தேன், ஒடஞ்சிருச்சு. மேஜைன்னா தாங்கணும்லா?" என்றாராம்.

ஹாக்கிக்குப் பேர்போன எங்கள் கோவில்பட்டியில் பிறந்து வளர்ந்த ஒருவன் கையில் ஹாக்கி மட்டை இல்லாமல் வேறு விளையாட்டு ஆடுகிறான் என்றால், அவனை டாக்டரிடம் காட்டலாமா என்று யோசிப்பார்கள். இவருடைய சொந்த ஊர் எட்டயபுரம் போகிற வழியில் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமம். கரிசல் காடு. பருத்தி இடுப்புக்கு மேல் வளராது. உளுந்தும் பாசிப்பயறும் முழங்காலோடு நின்றுவிடும். எட்டிப் பறிப்பதற்கு என்று எதுவுமே விளையாத அந்த மண்ணில் போய் இவர் ஆறடி நாலங்குலம் வளர்ந்தார். பருத்தி எடுக்கப் போனால் முதலில் வலிப்பது இவர் இடுப்புதான். உயரத்துக்கு வேலையே இல்லாத ஊரில் உயரம் ஒரு நோய். வீட்டுக்குள் நுழையும்போது குனிந்து, காட்டில் குனிந்து, பஸ்ஸில் குனிந்து, ஆள் ஒரு கேள்விக்குறி மாதிரிதான் இருந்தாராம்.

பஸ்ஸில் குனிந்து நின்றபோதுதான் மில் அணியின் கோச் கண்ணில் பட்டார். மில்லில் அப்போது பாஸ்கட்பால் அணி இருந்தது. ஆடத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். கூடை எட்டுகிற ஆள்தான் இல்லை.

"ஏலே, நல்லா நிமிந்து நில்லு, பாப்போம்" என்றாராம் கோச்.

"பஸ்ஸு நிமிரட்டும், நானும் நிமிருதேன்" என்றாராம் இவர்.

இந்தப் பதிலைக் கேட்டுவிட்டும் அந்த மனிதர் இவரை அணியில் சேர்த்தார் என்றால், பின்னால் நடந்ததற்கெல்லாம் அவரும் பொறுப்புதான்.

முதல் டோர்னமென்டில் இவர் கையை ஒழுங்காகத் தூக்கியிருக்கிறார். இதைச் சொன்னால் ஊரில் நம்ப மாட்டார்கள். எனக்குச் சொன்னது அவருடைய மனைவி. என் அம்மா வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸில் பக்கத்து இடம் அவளுக்கு. அண்ணி முறை வைத்து நான் மயினி என்று கூப்பிடுவேன். அவளும் அதே கிராமம்தான். கல்யாணத்துக்கு முன்னால், இவர் ஆடிய முதல் டோர்னமென்டைப் பார்ப்பதற்காக ஊரே பருத்தி லாரியில் ஏறி வந்ததாம். அதில் இவளும் ஒருத்தி. பாஸ்கட்பால் என்றால் என்ன என்று லாரியில் ஒருவருக்கும் தெரியாது. ஆட்டம் ஆரம்பித்தது. விசில் ஊதியது. எல்லோரும் நிற்க, நம்ம ஊர்ப் பையன் மட்டும் நிமிர்ந்து மேஜையைப் பார்த்துக் கையைத் தூக்கினான்.

"எங்களுக்கு என்ன தெரியும்? என்னமோ பெருசா செஞ்சுட்டாவன்னு நெனச்சோம். அவிய அம்மா கொலவ போட்டாவ. நாங்களும் சேந்து போட்டோம்" என்றாள் மயினி.

அடுத்த ஃபவுலுக்கும் குலவை. அதற்கடுத்ததற்கும். ஐந்தாவதற்கு அவரை வெளியே அனுப்பியபோது, வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டதால் மரியாதையாக அனுப்பிவைக்கிறார்கள் என்று எண்ணி, பெரியவர் ஒருவர் ஓடிப் போய்த் துண்டை அவர் கழுத்தில் போட்டிருக்கிறார். ஆட்டம் முடிந்து டீக்கடையில் நின்றபோது மில் கிளார்க் ஒருவர்தான் விஷயத்தை உடைத்தார். "பெரியம்மா, அது பாயிண்டு இல்ல. தப்பு செஞ்சது நாந்தான்னு ஒத்துக்கிடுதது."

இவரையும் ஏற்றிக்கொண்டு லாரி திரும்பியதாம். ஊர் எல்லை வந்த பிறகு அவர் அம்மா கேட்டாளாம்: "அத்தன சனத்துக்கு நடுவுல, நாந்தான் செஞ்சேன், நாந்தான் செஞ்சேன்னு கையத் தூக்கியிருக்கியேலே. அதுக்கு நான் வேற கொலவ போட்டேனே, பாவி."

தப்புக்குக் குலவையிட்ட ஊர் என்று பக்கத்துக் கிராமங்களில் ரொம்ப நாள் கேலி செய்தார்களாம். அதற்குப் பிறகு அவர் கையைத் தூக்கவில்லை. தாயின் கண்ணீர், மகனின் சபதம் என்று யாராவது இதைக் கேட்டு உருகலாம். அந்தச் சபதத்தின் விளைவுகளைத் தாளில் எழுதிக்கொண்டிருந்த எனக்கு அவ்வளவாக உருக்கம் வரவில்லை.

மேஜை உடைந்ததற்கு மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். கேட்கவில்லை. மில் வேலை போனது. ஆனால் அவர் ஆட்டத்தைப் பற்றிய பேச்சு பரவியிருந்ததால் சென்னையில் ஒரு பெரிய அணி கூப்பிட்டது. மாநில அணிக்கான பயிற்சி முகாம் வரைக்கும் போனார். பேப்பரில் படம்கூட வந்தது. எல்லோரையும் ஒரு சட்டத்துக்குள் அடக்க முயன்ற போட்டோக்காரர் இவர் கழுத்துக்கு மேலே வெட்டிவிட்டார். பனியன் நம்பரை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடித்தோம். தலையில்லாத அந்தப் புருஷனை மயினி கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டியிருந்தாள். "இப்பிடி இருந்தாவன்னா வாய் பேசாது, நிம்மதி" என்பாள்.

முகாமில் ஒரு நாள் இவருடைய முழங்கை கோச்சின் மூக்கில் பட்டு ரத்தம் வந்துவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை, விளையாட்டில் நடந்ததுதான் என்று எல்லோருக்கும் தெரியும். "சாரி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். விசாரணையில் அவர் சொன்னது: "என் முழங்கை இருக்குத எடத்துக்கு அவரு மூக்கக் கொண்டாந்துட்டாரு."

பெட்டியோடு வந்து கோவில்பட்டியில் இறங்கினார். ஊரில் கேட்டவர்களிடம் "மெட்ராஸ் தண்ணி ஒத்துக்கிடல" என்றார். பிழை தண்ணீரிடம் போனது.

அதற்குப் பிறகு சில வருடங்கள் வாடகை ஆட்டக்காரராக இருந்தார். தூத்துக்குடி, நாகர்கோவில், மதுரை என்று எந்த ஊரில் டோர்னமென்ட் நடந்தாலும், ஏதாவது ஓர் அணி அவரைக் கூட்டிக்கொண்டு போகும். ஜெயித்தால் கையில் எதையாவது கொடுப்பார்கள். தோற்றால் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். போன வருடம் யாரை எதிர்த்து ஆடினாரோ அவர்களுக்காகவே இந்த வருடம் ஆடுவார். கயத்தாற்றில் லாரி நிற்கிற ஹோட்டல்களில் அவருக்குக் கடன் கணக்கு இருந்தது. மற்றபடி மயினியின் தீப்பெட்டியில்தான் வீடு ஓடியது.

ஆனால் அவர் பந்தை எடுக்கிற விதம் ஒன்று உண்டு. கூடையில் பட்டுப் பந்து வெளியே தெறிக்கும். கீழே எட்டுப் பேர் முட்டிக்கொண்டு துள்ளுவார்கள். இவர் துள்ளுவதே தெரியாது. மெதுவாக எழும்புவார். மற்றவர்கள் எல்லாம் எழும்பி இறங்கிய பிறகும் மேலேயே இருப்பார். காட்டிலும் வீட்டிலும் பஸ்ஸிலும் குனிந்தே கிடந்த முதுகு அந்த ஒரு கணத்தில் முழுசாக நிமிரும். கைகளை விரித்துப் பந்தை வாங்கிக்கொண்டு இறங்குவார். யாரோ மேலே இருந்து அவர் கையில் கொடுத்த மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் நான் எழுத மறந்து, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டு எழுதியிருக்கிறேன்.

நான் காலேஜில் சேர்ந்து ஓரிரு வருடங்கள் ஆகியிருந்தன. அந்த மே மாதம் ஓர் அரசுத் துறையிலிருந்து அதிகாரி ஒருவர் ஆள் தேட வந்திருந்தார். அவர்கள் அணிக்கு ஓர் உயரமான ஆள் வேண்டும். விளையாட்டுக்காரர்களுக்கான ஒதுக்கீட்டில் நிரந்தர வேலை. வயது வரம்பில் இவருக்கு அதுதான் கடைசி வருடம். அதிகாரி அரையிறுதியைப் பார்த்தார். மறுநாள் காலை இவர் வீட்டுக்கே போய், வாசலில் நின்றபடி சொல்லிவிட்டு வந்தார்.

"நல்லா ஆடறே. ஆனா உன்னப் பத்தி மெட்ராஸ்ல கேட்டுட்டேன். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். பைனல்ல கடைசி விசில் வரைக்கும் நீ கிரவுண்டுல நிக்கணும். நின்னா ஆர்டர். வெளிய போனா நான் நேரா ரயில்வே ஸ்டேஷனுக்குப் போயிடுவேன்."

அன்று மதியம் தீப்பெட்டி ஆபீஸில் மயினி வேலையே செய்யவில்லை என்று அம்மா சொன்னாள். சாயங்காலம் என்னைத் தேடி வந்துவிட்டாள்.

"நீதானட்டி எழுதுத? ஒண்ணு ரெண்டு விட்டு எழுதக் கூடாதா?"

"எழுதக் கூடாது மயினி."

"படிச்ச பிள்ளைகளால ஒரு பிரயோஜனமும் இல்ல" என்று சொல்லிவிட்டு, நான் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனாள்.

பைனலில் அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்திருந்தால் ஆள் மாறிவிட்டார் என்று நீங்களும் நினைத்திருப்பீர்கள். யாராவது மேலே வந்து விழுந்தால் விலகிக்கொண்டார். எதிரி கூடையைப் பார்த்து ஓடினால் கைகளைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு தூண் மாதிரி நின்றார். நடுவரிடம் வாயைத் திறக்கவில்லை. அப்படியும் மூன்று ஃபவுல் ஆகிவிட்டது. மூன்றும் அவர் செய்ததுதான். மூன்றுக்கும் கை தூக்கவில்லை. நடுவர் இரண்டு முறை எச்சரித்து, "இனி தூக்காட்டா எழுதிருவேன்" என்று விரலை நீட்டிச் சொல்லியிருந்தார்.

ஆட்டம் முடிய ஒரு சில நிமிடங்கள் இருந்தன. இவருடைய அணி முன்னால் இருந்தது. அதிகாரி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார். தூத்துக்குடி அணியின் சின்னப் பையன் ஒருவன் பந்தைத் தட்டிக்கொண்டு இவரை நோக்கி வேகமாக வந்தான். அவனுடைய ஷூ நாடா அவிழ்ந்து தரையில் இழுபட்டது. இவர் கைகளை மேலே தூக்கிக்கொண்டு நின்றார். பையன் தன் நாடாவையே மிதித்து, இவருக்கு ஒரு முழம் முன்னாலேயே குப்புற விழுந்தான். நடுவர் இவருடைய முதுகுக்குப் பின்னால் இருந்தார். விசில் ஊதியது.

"பதினொண்ணு. தள்ளுனது. கையத் தூக்கு."

"சார், படல" என்றார் அவர்.

மைதானமே சிரித்தது. வருடக் கணக்கில் கேட்ட வசனம். சுவர் மேல் இருந்து ஒருவன், "அண்ணாச்சி, ஒங்க கை நிக்குத எடத்துக்கு அவன் முதுகக் கொண்டாந்துட்டானோ?" என்று கத்தினான். இன்னும் சிரிப்பு.

மேஜையிலிருந்து எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. நான் எழுந்து நின்றேன்.

"சார், அவிய தொடல சார். அந்தப் பையன் நாடாவ மிதிச்சு விழுந்தான்."

நடுவர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். "நீ யாரும்மா?"

"ஸ்கோரர் சார்."

"எழுத வந்தவ எழுது. பாக்குததுக்கு நான் இருக்கேன்."

உட்கார்ந்தேன். விதிப்படி அவர் சொன்னது சரி. ஸ்கோர் மேஜையில் இருப்பவருக்குக் கை உண்டு, கண் கிடையாது. நான்காவது ஃபவுல் என்று எழுதி அட்டையைத் தூக்கினேன். நான்கு ஆனால் என்ன, இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. கையைத் தூக்கிவிட்டால் ஆட்டத்தில் இருக்கலாம். தூக்காவிட்டால் அதுவே ஐந்தாவது.

நடுவர் அவசரப்படவில்லை. விசிலை வாயிலிருந்து எடுத்துப் பனியனில் துடைத்தார். அவருக்கும் அந்த வேலை விஷயம் தெரியும் என்று நினைக்கிறேன். "தூக்கிரு" என்றார், கொஞ்சம் தணிந்த குரலில்.

இவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

கம்பி வேலிக்குப் பின்னால் மயினி நின்றிருந்தாள். அவள் கத்தவில்லை. தன் வலது கையை மேலே தூக்கிக் காட்டினாள். குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பதைப் போல, இப்படி, இவ்வளவுதான் என்று. பக்கத்தில் நின்ற பெண்களும் தூக்கினார்கள். "தூக்குங்க அண்ணாச்சி!" என்று சுவர் மேல் இருந்தவர்கள் கைகளைத் தூக்கினார்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. அவருடைய அணிக்காரர்கள் தூக்கினார்கள். விழுந்த பையன்கூட முழங்காலைத் துடைத்துக்கொண்டே, என்ன ஏது என்று தெரியாமல் தூக்கினான். எங்கு பார்த்தாலும் கைகள். அவ்வளவு பெரிய மைதானத்தில் எல்லோரையும் விட உயரமான மனிதர் ஒருவர் மட்டும் கையைத் தூக்காமல் நின்றார்.

நடுவர் இரண்டு கைகளையும் T போல வைத்து, அந்தத் தனி ஃபவுலுக்கான சைகையைக் காட்டினார்.

எழுதினேன். சிவப்பு அட்டையைத் தூக்கினேன். இந்த முறை அவர் மேஜைக்கு வந்து எதுவும் கேட்கவில்லை. களத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு அடியில் குனிந்து வெளியே போனார். அதிகாரி மிச்சச் சோடாவைக் குடித்து முடித்து, பாட்டிலைக் கவனமாக நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்தார். நல்ல மனிதர். சொன்ன சொல் தவறாமல் நேராக ஸ்டேஷனுக்குப் போனார்.

மறுநாள் ஊரெல்லாம் "வேல போயிருச்சே, பாவம்" என்றது. நானும் அம்மாவும் அவர் வீட்டுக்குப் போனோம். துக்க வீடு மாதிரி அக்கம்பக்கத்தார் வந்து வந்து அதையே சொல்லிவிட்டுப் போனார்கள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அவர் ஒருவரை மட்டும் நிறுத்தித் திருத்தினார்.

"போகலவே. நான் விட்டேன்."

தப்பு என்று ஊர் சொன்ன ஒரு காரியத்தில் அவர் 'நான்' என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அவர் விடவில்லை, அது அவரிடமிருந்து பிடுங்கப்பட்டது என்பதைப் பார்த்த ஒரே ஆள் நான். அதைத்தான் போய் அவர் தன் கணக்கில் எழுதிக்கொண்டார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"நீங்க தொடலன்னு எனக்குத் தெரியும்ணே" என்றேன். "ஆனா இதுக்கு முன்னால எத்தன தடவ தொட்டிருக்கிய? அதுல ஒண்ணுக்காவது கையத் தூக்கியிருந்தா, நேத்து நீங்க சொன்னத நம்பியிருப்பாவள்லா?"

"நம்புததும் நம்பாததும் அவிய வேல. அதுக்கு நான் எதுக்குக் கையத் தூக்கணும்?"

அடுப்படியிலிருந்து மயினி சொன்னாள்: "இவிய ஒரு கையத் தூக்கல. அதுக்கு நான் காலம்பூரா ரெண்டு கையாலயும் தீப்பெட்டி ஒட்டணும். அவ்வளவுதான் வித்தியாசம்." சொல்லிவிட்டு அவருக்கும் சேர்த்துத்தான் டீ கொண்டுவந்தாள். கிளாஸை நங்கென்று வைத்தாள். கொஞ்சம் கொட்டியது.

"கொட்டிருச்சு" என்றாள், அவர் முகத்தைப் பார்த்து.

கிளம்பும்போது அவர் என்னைக் கூப்பிட்டார். "ஏட்டி, நீ எதுக்கு நேத்து எந்திரிச்ச?"

"பாத்தேன், சொன்னேன்."

"எழுதுததுக்கு ஒன்னய வச்சிருக்காவ. பாக்குததுக்கு யாரு வச்சா?" என்றார். நடுவர் சொன்ன அதே சொல். ஆனால் நடுவர் மாதிரி என்னை உட்கார வைப்பதற்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

பிறகு அவர் ஒரு மைக் செட் கடையில் சேர்ந்தார். கல்யாணம், கோயில் கொடை, கட்சிக் கூட்டம் எதுவானாலும் ஏணி இல்லாமல் டியூப்லைட் கட்டுகிற ஒரே ஆள் எங்கள் வட்டாரத்தில் அவர்தான். அந்த உயரத்துக்குக் கடைசியில் ஒரு வேலை கிடைத்தது. பல்புகள் அவ்வப்போது தாமாகவே உடைந்துகொண்டிருந்தன. கோடை டோர்னமென்டுக்கு விளக்குக் கட்ட வருவார். கட்டி முடித்துவிட்டு ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே போய்விடுவார். ஒரு நாள்கூட நின்று பார்த்ததில்லை.

சில வருடங்கள் கழித்துப் புது விதிப் புத்தகம் வந்தது. ஃபவுல் செய்தவர் இனி கை தூக்க வேண்டியதில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்த அவரிடம் போய்ச் சொன்னேன். ஏதாவது ஆகும் என்று எதிர்பார்த்தேன் என்பது உண்மை. ஒயரைச் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"ஒருவழியா திருந்திட்டாவளா?" என்றார்.

அவர் பேரில் எனக்குக் கோபம் உண்டா, பரிவு உண்டா என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். உண்மையைச் சொன்ன ஒரே நாளில் அவரை ஒருவரும் நம்பவில்லை. அதற்கு அவரே பல வருடங்கள் பாடுபட்டிருந்தார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அன்று அதைப் பார்த்த கண்ணுக்கு விசில் இல்லை. விசில் இருந்த இடத்திலிருந்து பார்வை இல்லை. இதில் ஒன்றைத்தான் என்னால் சரிசெய்ய முடியும் என்று தோன்றியது.

மதுரையில் நடுவர் தேர்வுக்குப் போனேன். வந்திருந்தவர்களில் பெண் நான் ஒருத்திதான். "ஸ்கோரர் தேர்வு அடுத்த மாசம்மா" என்று வாசலிலேயே ஒருவர் அன்பாகத் திருப்பி அனுப்பப் பார்த்தார். நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனேன். எழுத்துத் தேர்வில் எனக்குப் பயமில்லை. ஓட்டத்தில் மூச்சு வாங்கியது, ஆனால் நிற்கவில்லை. தேறி வந்து, நடுவருக்கான பேன்ட் போட்டு வீட்டுக்குள் நடந்து காட்டியபோது அப்பா செய்தித்தாளை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. அம்மா மட்டும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பை பெருசா இருக்கே. நல்லதுதான்" என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை எட்டயபுரத்தில் ஆண்கள் ஆட்டம். இரண்டு அணிகளிலும் என்னை விட ஒரு முழம் உயரமான பையன்கள். "ஆம்பள ரெஃப்ரி வரலியா?" என்று ஒரு கோச் கேட்டார். "நான் வந்திருக்கேன்" என்றேன். நடு வட்டத்துக்குப் போய், இருபுறமும் நின்ற இரண்டு நெட்டைப் பையன்களையும் ஓர் அடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பந்தை மேலே எறிந்தேன்.